வடக்குக் கோபுரமும் கிராங்கோலாவின் மூட்டுவலியும்

தலைமை ஏற்றிருக்கும் மேயர் அவர்களே, பங்குத்தந்தை லுப்பே அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் திருமதி கிராங்கோலா அவர்களே, சேந்-வெரான் நகரப் பெருமக்களே!

அரசாங்கக் கட்டடக் கலைஞர், கலைக்கழக உறுப்பினர், பதக்கங்கள் பல பெற்ற எவாரிஸ்த் கிராங்கோலா மறைந்துவிட்டார். அவர் பதவியில் இப்போது இருப்பவன் நான். ஆகவே அவரைப் புகழும் பொறுப்பும் என்னுடையதே.

நம் பழைய தேவாலயத்தைப் பழுதுபார்க்க அவர் வந்தபோது ராஜா ஆட்சி. கூரை ஒழுகியது, அவ்வளவுதான் பழுது. அதை அவர் தொட்டாரா? தொடவில்லை! ஒழுகலை அடைக்கவா பாரிஸ் அவரை அனுப்பியது? அன்றைய மோஸ்தர் கூர்வளைவு. மேற்கு வாசலின் வட்ட வளைவை உடைத்துக் கூர்வளைவு வைத்தார். ராஜா போனார், பேரரசர் ஆட்சிக்கு வந்தார், பொன்முலாம் வந்தது, தேவதைச் சிலைகளுக்குக் கன்னம் உப்பியது. நாடக அரங்கம் என்று நினைத்து என் அத்தை வாசலில் டிக்கெட் கேட்டாள். பேரரசர் போனார், குடியரசோடு எளிமை வந்தது. பொன்னைச் சுரண்டியவர் யார்? அவரேதான்! ஆட்சி மாறியும் ரசனை மாறாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.

கடைசியாக அவர் வந்தபோது நான் உடனிருந்தேன். மேற்கு வாசலைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"எந்தக் கழுதைய்யா இதைப் பண்ணினது? இங்க வட்ட வளைவுல்ல இருந்திருக்கணும்!"

"நீங்கதாங்க. ராஜா இருந்தப்போ," என்றார் பங்குத்தந்தை.

"நானா? அப்ப பழைய கல்லு?"

"உடைச்சுப் பள்ளத்தை ரொப்பிட்டீங்க."

கிராங்கோலா அசரவில்லை. "அப்ப எனக்கு வயசு கம்மி, சாமி. இப்பத் திருத்திடறேன்."

"கூரை இன்னும் ஒழுகுதுங்களே."

"குடை பிடிங்க."

திருத்தினார். தாம் உடைத்ததைப் புதுக்கல்லில் தாமே மீண்டும் செய்தார். வெளியூரார் அதைத் தொட்டுப் பார்த்து, முன்னோரின் பக்தியை வியந்து செல்கிறார்கள்.

சற்றுமுன் மேடை ஏறும்போது மேயர் என் காதில் சொன்னார்: "நாலு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு, அவர் நினைவா வடக்குக் கோபுரத்தை இடிச்சு, அவர் வரைஞ்சபடியே கட்டறோம்னு முடிச்சிடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

வடக்குக் கோபுரம்! முன்னோர் கட்டியபடியே நிற்கும் ஒரே பகுதி. அவர் கை அங்கே ஏன் படவில்லை? படிக்கட்டு செங்குத்து, அவருக்கு மூட்டுவலி. நகரத்தின் கலைச்செல்வத்தை அந்த மூட்டுவலியைவிட உண்மையாகக் காத்தவர் இந்த மேடையில் யாராவது உண்டா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

அம்மா, உங்கள் துயரத்தில் எனக்கும் பங்குண்டு. இத்தகைய அவையில், மறைந்தவரின் வழியில் நடப்பதாக உறுதி கூறவேண்டும். கூறுகிறேன். அந்தக் கோபுரத்துக்கு அவர் இத்தனை காலம் என்ன செய்தாரோ, அதையே நானும் செய்வேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

பங்குத்தந்தை அவர்களே, நாளைக் காலை ஏணியோடு வருகிறேன். கூரை எங்கே ஒழுகுகிறது என்று காட்டுங்கள்.