கரி வெடிக்காது

நல்ல கரியை ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும் சார். ஈரக் கரி அப்படிக் கேட்காது, மண்ணாங்கட்டியைத் தட்டினது மாதிரி இருக்கும். தோப்புக்காரர் சின்னதம்பி அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்தது நல்ல கரி. இரண்டு துண்டுகளை எடுத்து நானே தட்டிப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஆலங்காயத்தில் மலைக்கு வரும் பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "கரியில நான் இன்னா கலந்தேன்னு நீங்களாவது சொல்லுங்க பாய்" என்றார். ஒன்றும் கலக்கவில்லை. என் மைத்துனன் மனைவி சைமா அப்படிப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று தெரியும். அவளைக் குறை சொல்ல மாட்டேன், புருஷனைப் பறிகொடுத்தவள். பேப்பரில் 'கரி வெடித்து வாலிபர் பலி' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரி வெடிக்காது சார். ஈரமிருந்தால் பொரியும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தைத் தெரியாமல் எழுதுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

என் பெயர் அஸீம், வயது நாற்பத்தேழு. வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் ஷெட் சூப்பர்வைசர். தோலுக்கு வண்ணம் அடிக்கிற இடம். அங்கே வண்ணத்தைக் கரைக்கிற தின்னர் டிரம் டிரம்மாக நிற்கும். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும், தீக்குச்சியைக் காட்டினால் தெரியும் யார் என்று. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது நான்தான். இறந்துபோன அதீப், என் மனைவி ரபியாவின் தம்பி, எங்கள் கம்பெனியிலேயே டிஸ்பேட்ச் பிரிவில் இருந்தான். அவனுக்கும் அந்த வகுப்பை எடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பக்ரீத்துக்கும் அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்கு வருவோம். மசாலா தடவிய கறியை டப்பாவில் போட்டு எடுத்து வருவோம். சின்னதம்பியின் புளியந்தோப்பில் அவரே கிரில் அடுப்பும் கரியும் கொடுப்பார். பதினொரு வருடமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டது நான். சருகெல்லாம் கூட்டித் தள்ளி, காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி அடுப்பை வைப்பேன். பக்கத்தில் ஒரு வாளி மணல், நனைத்த கோணிச் சாக்கு. தேங்காய் நாரில்தான் பற்றவைப்பேன், எண்ணெய் கிண்ணெய் எதுவும் கிடையாது. கரி மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்க அரை மணி நேரம் ஆகும். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டி, நாலு எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் கறியை வைக்கலாம். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். மலை முழுக்கக் காய்ந்த புல். ஒரு பொறி போதும்.

இதையெல்லாம் செய்யும்போது வாயாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அது என் பழக்கம். அதுதான் அவர்களுக்கு வேடிக்கை. அதீப் என்னை மாதிரியே குரலைக் கனமாக்கிக்கொண்டு, "தம்பிங்களா, தின்னர் பக்கத்துல யாரும் வெளையாடாதீங்க" என்று பேசிக் காட்டுவான். கம்பெனி கேன்டீனில்கூடப் பேசிக் காட்டியிருக்கிறான். நான் வகுப்பெடுத்த பையன்கள் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

பஞ்சாட்சரம் என்று ஒருவர் எங்கள் ஷெட்டில் இருந்தார். என் வயதுதான். ஒன்பது வருடம் முன்பு ஒரு மத்தியானம், ஷெட்டுக்குப் பின்னால் டீ போடுகிற கரி அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து அதில் தின்னரை ஊற்றினார். அணையவில்லை. வெயிலில் தணல் தெரியாது, சாம்பல் போர்த்திக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டு நெருப்பு மேலே ஏறும், பாட்டிலுக்குள் போகும், அப்புறம் ஆளைப் பிடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அவர் ஊற்றப் போனதைப் பார்த்து நான் கத்தினேன், ஆனால் பிந்திவிட்டேன். இந்தக் கையில் இருக்கிற தழும்பு அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் நான் இப்படி ஓயாமல் சொல்ல ஆரம்பித்தேன். அதீபுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

இந்த வருடம் வீட்டு வாசலில் காரில் சாமான் ஏற்றும்போது மணல் வாளியை எடுத்து வைத்தேன். அதீப் பார்த்துவிட்டு எல்லோர் எதிரிலும் சொன்னான்: "மச்சான், இன்னைக்கி கறி நான் சுடுறேன். நீங்க கால் நீட்டி ஒக்காருங்க. பஞ்சாட்சரம் கதைய எடுக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது, செரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரபியாவும் சிரித்தாள். என் மகள் மஹீனும் சிரித்தாள், அவளுக்கு எட்டு வயது, எல்லோரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள். நான் சரி என்றேன். கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. அவமானம் என்றால் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆலங்காயம் தாண்டும்போதே தின்னர் வாசனை வந்துவிட்டது. இருபது வருட மூக்கு, ஏமாறாது. அவன் காலடியில் இருந்த பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. ரபியா ஜன்னலை இறக்கிவிட்டு, "இன்னாடா வாசன இது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா, சீக்கிரம் சமைக்க மருந்து" என்றான். மேலே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை வளைவுகளிலும் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோப்பில் சின்னதம்பி கரியைக் கொட்டிக் கொடுத்துவிட்டுச் சாமை விதைக்க நிலத்துக்குப் போய்விட்டார். நடந்தபோது அவர் அங்கே இல்லவே இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதீப் கரி மேல் தின்னரைத் தெளித்துப் பற்றவைத்தான். குப்பென்று எரிந்தது. "பாருங்க, அரை மணி நேரம் எதுக்கு?" என்றான். கொஞ்ச நேரத்தில் தின்னர் தீர்ந்து சுவாலை அடங்கிவிட்டது. உச்சி வெயில். அவன் குனிந்து பார்த்து, "ச்சே, அணைஞ்சிடுச்சி" என்றான். சைமா தள்ளிப் பாயில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பசங்களுக்குப் பசி, சீக்கிரம் ஆகட்டும் என்று அவள் குரல் கொடுத்தாள்.

அணையவில்லை. நான் பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்புக்கு மேலே காற்று நெளிவது எனக்குத் தெரிந்தது. மஹீன் அடுப்புப் பக்கம் புளியம்பிஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வெயிலில் திரிந்த குழந்தை. தகப்பன் என்றால் அதைக் கவனிக்க வேண்டும். அவள் முகத்தை என் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

அவன் இரண்டாவது முறை ஊற்றினான். பஞ்சாட்சரத்துக்கு எப்படி நடந்ததோ அப்படியே நடந்தது, அதை மறுபடி சொல்லத் தேவையில்லை. இந்த முறை நான் பிந்தவில்லை. கோணிச் சாக்கை மலைக்கு வந்ததுமே நனைத்துக் கையோடு வைத்திருந்தேன். அவனைத் தள்ளி உருட்டி, சாக்கைப் போட்டு மூடி, மணலைக் கொட்டினேன். எல்லாம் முறைப்படி செய்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். "சரியா செஞ்சிருக்கீங்க, இல்லன்னா வழியிலயே போயிருப்பார்" என்று டாக்டர் சொன்னார். ரபியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களாலதாங்க அவன் மொகத்த ஒன்பது நாள் பாத்தோம்" என்று அழுதாள். இப்போது வீட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நான் பேசினால் கேட்கிறார்கள்.

"பாத்துக்கிட்டே சும்மா இருந்தீங்களா?" என்று கேட்கிறீர்கள். ஆமாம் சார். பேசாதே என்றார்கள், பேசவில்லை. ஒன்பது வருடம் சொன்ன மனுஷன் ஒரு நாள் சொல்லாமல் இருந்தால் அது எந்தச் சட்டத்தில் வரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பேருந்தில் வரும்போது அதை நன்றாக யோசித்துவிட்டேன். என் மேல் பெரிய தப்பு இருப்பதாகப் படவில்லை. சின்னதம்பி மேல் தப்பே இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், விதைப்புக் காலம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும், அரைகுறையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது.

பாட்டில் மூடியைத் திறந்த பிறகு அதீப் உடனே ஊற்றவில்லை. ஒரு நிமிஷம் நின்றான். அந்தக் கதை ஞாபகம் வந்திருக்கலாம். என் பக்கம் திரும்பினான். முகத்தில் கேலி இல்லை. முதல் நாள் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் மாதிரியே இருந்தான்.

"மச்சான், அணைஞ்சிடுச்சில்ல? ஊத்தலாமா?" என்று கேட்டான்.

காலையில் அவனுக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறவில்லை சார். வாயைத் திறக்கவே இல்லை. ஊற்று என்று தலையை மட்டும் ஆட்டினேன்.