ஏரியைச் சுற்றிப் போகும் பஸ்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீனவர் ஒருவர் மடியில் புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

“இன்னா அண்ணாத்தே, ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற தங்கச்சி ஊட்டுக்கு பஸ்ஸுல சுத்திக்கினு போற?”

“மச்சான் செத்துட்டாரு. தங்கச்சிக்குப் பொறந்த ஊட்டுக் கோடி எடுத்துக்கினு போறேன்.”

“படவுல போனா சீக்கிரம் போயிடலாமே?”

“அந்தப் பக்கம் ஆந்திரா. பறவை சரணாலயம்னு போர்டு வெச்சதுலேர்ந்து நம்ம படவு வரக் கூடாதுங்கறாங்க. போன மாசம் என் படவைப் புடிச்சிட்டாங்க.”

“யாரு, ஆபீசருங்களா?”

“மச்சான் ஊருக்காரங்க. மச்சானும் கூட நின்னாரு.”

“அடப்பாவி!”

“சாவு சேதி சொல்ல, புடிச்சு வெச்ச என் படவுலதான் வந்தாங்க. ‘ஏறு மாமா’ன்னாங்க. ரோஷம், ஏறல. மச்சானை எடுக்கறதுக்குள்ள போய்ச் சேந்துடுவனா?”

பக்கத்திலிருந்தவர் எழுந்து, வண்டியை வேகமாக ஓட்டச் சொல்ல டிரைவரிடம் போனார்.