மிதவை காட்டிய எண்

பரிசு கொடுப்பதில் நான் கொஞ்சம் கை இறுக்கமானவன். என் மனைவி க்ளெனிஸைக் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்வாள். பக்கத்து வீட்டு வில்ஃப் ஆக்ராய்ட் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எல்லோரும் கடைக்குப் போனார்கள், நான் பரணுக்குப் போனேன். வீட்டிலேயே பியர் காய்ச்சப் பழகுகிறவர்களுக்கான பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. எப்போதோ மலிவு விற்பனையில் வாங்கியது. இங்கிலாந்தில், எங்கள் யார்க்‌ஷயரில், பரண் என்றால் கோடையில் அடுப்பு, மற்ற மாதங்களில் கிணறு. தூசியைத் துடைத்துச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பனும் பழசுதான்.

ஊர் பப்பின் பின்னறையில் வியாழக்கிழமைகளில் பியர் காய்ச்சுவோர் சங்கம் கூடும். அங்கே என்னைப் 'புரொபசர்' என்று கூப்பிடுவார்கள். வாழ்நாளெல்லாம் நான் விற்றது தரைக்கம்பளம். ஆனாலும் பியரைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், கேட்டவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். தெரியாது என்றோ, தவறிவிட்டேன் என்றோ நான் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தப் பேரைக் காப்பாற்றுவது எனக்கு முக்கியம். வேறு பேர் எனக்குக் கிடையாது.

வில்ஃப் தன் அடுப்படியில், என் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் பாகு டின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஈஸ்ட் பொட்டலத்தின் ஓரம் கிழிந்து, உள்ளே ஈரம் புகுந்து, தூள் கல்லாக இறுகிவிட்டிருந்தது. பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களிலிருந்து நனைந்த காலுறை நாற்றம் வந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"நோரிஸ், இதெல்லாம் இப்படித்தான் இருக்குமா?"

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரிசைக் குறை சொல்வதைவிட அதைத் தின்றே செத்துப்போவோம். அதனால் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பரிசு கொடுத்தவனும் 'மன்னிச்சுக்கோ, பழசைத் தள்ளிவிட்டேன்' என்று சொல்கிற வழக்கம் இல்லை. அதனால் நானும் சொல்லவில்லை. கடைக்குப் போய்ப் புது ஈஸ்ட் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாங்கிக் கொடுத்தால் அது எதற்கு என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா.

"டின் நசுங்கினா என்ன, பாகு நசுங்குமா?" என்றேன். "ஈஸ்ட் கட்டியா இருந்தா ரொம்ப வீரியம்னு அர்த்தம். ஹாப்ஸ் வாசனை முதிர்ச்சி. பழகினவனுக்குத்தான் தெரியும்."

"புரொபசரே சொல்லிட்டார்" என்று சிரித்தார் வில்ஃப். சிரித்துக்கொண்டே அந்தக் கல்லைச் சுத்தியலால் உடைத்தார்.

பீப்பாய் சில நாள் சோம்பலாகக் குமிழி விட்டது. பிறகு நின்றுவிட்டது. பாதி செத்த ஈஸ்ட் அப்படித்தான் செய்யும், நடுவழியில் படுத்துக்கொள்ளும். வில்ஃப் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி மிதவையைப் பியருக்குள் இறக்கினேன். அது எளிய கருவி. ஈஸ்ட் தின்னாத சர்க்கரை மிச்சமிருந்தால் உயரத்தில் நிற்கும், தீர்ந்துவிட்டால் அமிழும். பத்துக்குக் கீழே இறங்கினால்தான் புட்டியில் அடைக்கலாம். மிதவை இருபதில் நின்றது.

மிச்சச் சர்க்கரையோடு அடைத்த பியரைச் சூட்டில் வைத்தால், படுத்திருந்த ஈஸ்ட் ஒருநாள் எழுந்து உட்காரும். வாயு சேரும், புட்டி வெடிக்கும். இதைப் பற்றிச் சங்கத்தில் நானே பேசியிருக்கிறேன். கைதட்டல்கூட வந்தது.

"எவ்வளவு காட்டுது? என் மூக்குக்கண்ணாடிய மாடியில வெச்சுட்டேன்" என்றார் வில்ஃப்.

இருபது என்றால் ஈஸ்ட் சரியில்லை என்று பொருள். ஈஸ்ட் சரியில்லை என்றால் பெட்டி சரியில்லை. பெட்டி சரியில்லை என்றால் புரொபசர் சரியில்லை. யோசித்துப் பார்த்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

"எட்டு" என்றேன். "அடைச்சிடலாம்."

இருவரும் சேர்ந்து அடைத்தோம். இடையில் அவர் தேநீர் போட்டார், இஞ்சி பிஸ்கட் கொடுத்தார். நல்ல மதியம் அது. மூடிகளை அழுத்திப் பொருத்தும்போது தன் மகள் கனடாவிலிருந்து வந்ததும் முதல் புட்டியை அவளுக்குத்தான் திறக்கப் போவதாகச் சொன்னார். புட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் வைக்கிற இடம்தான், மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி. துவைத்த துணியை அந்தக் கதகதப்பில்தான் காயப் போடுவோம். துண்டுகளுக்கு நடுவே பியரையும் ஒளித்து வைப்போம். நான்தான் தூக்கி வைத்தேன். அவர் முகத்தின் உயரத்தில் இருந்த தட்டில் வைத்தேன். அது வசதியான தட்டு.

வில்ஃபின் மனைவி டோரீன் இறந்ததிலிருந்து க்ளெனிஸ்தான் அவருடைய படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பாள். திங்கட்கிழமை வாங்கி வந்து, மடித்து, தானே கொண்டுபோய் அந்த அலமாரியில் வைத்துவிட்டு வருவாள். அடுத்து வந்த வாரம் அவள் கிளம்பியபோது நான் தடுத்தேன்.

"இந்த வாரம் நீ போக வேண்டாம். நான் குடுத்துட்டு வரேன்."

"என்ன திடீர்னு அக்கறை? உங்க சொந்தத் துண்டையே நீங்க மடிச்சதில்ல."

"முட்டி வலின்னு சொன்னியே."

"அது போன வருஷம்" என்றாள். இருந்தாலும் துணியைக் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில் நான் அவளுக்குச் செய்த பெரிய உதவி அதுதான். அவள் இன்னும் அதை உதவி என்று எண்ணவில்லை.

வில்ஃப் வீட்டில் துணியை அடுப்படி மேசையில் வைத்தேன். மாடிப்படி பக்கம் போகவில்லை.

"மேல கொண்டுபோய் வெச்சிடு வில்ஃப். எனக்கு அவசர வேலை இருக்கு."

"வெச்சுக்கறேன். க்ளெனிஸுக்கு நன்றி சொல்லு" என்றார்.

எனக்கு எந்த வேலையும் இல்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வானொலியைச் சற்று சத்தமாக வைத்தேன். அப்படியும் கேட்டது. ஒரு புட்டி வெடித்து, அதன் அதிர்ச்சியில் மற்றவையும் வெடித்தன.

மருத்துவமனைக்கு நான்தான் காரோட்டினேன். வில்ஃபுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சமும் உருவங்களும் தெரிகின்றன. எழுத்து தெரியாது, எண் தெரியாது. யாரும் என்னை விசாரிக்கவில்லை. புதிதாகக் காய்ச்சுகிறவர் ஏதோ தப்பு செய்திருப்பார் என்றார்கள். சங்கத்தில் அது பற்றி மறுபடி பேசச் சொன்னார்கள். பேசினேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாமல் புட்டிகள் தாமாகவே வெடித்து, தடயம் வழிந்து ஓடிவிட்டால் நல்லது என்றுதான் நினைத்தேன். க்ளெனிஸை மட்டும் எதற்காகத் தடுத்தேன் என்று கேட்டால், அவளுக்கு அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் மகள் அவருக்குப் புதுப் பெட்டி வாங்கி அனுப்பினாள். முதல்தரமான சரக்கு. வில்ஃப் தடவித் தடவியே காய்ச்சினார். நேற்று மிதவையைப் படித்துச் சொல்லக் கூப்பிட்டார். எட்டில் நின்றது. அந்தப் பியரைப் போல ஒன்றை நான் என் ஆயுளில் காய்ச்சியதில்லை. அவர் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார். இது நன்றாக வந்தால், என் பெட்டி மட்டும் ஏன் அப்படி ஆயிற்று என்று யோசிப்பார்.

"இருபது" என்றேன். "ஈஸ்ட் பாழாப் போயிருக்கு. இந்தப் பெட்டிங்களே இப்படித்தான். அடைச்சா ஆபத்து."

"கொட்டிடலாமா?"

"நான் கொட்டறேன்."

முழுவதையும் நானே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். கடைசிச் சொட்டுவரை மணந்தது. வில்ஃப் என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா நோரிஸ், இந்தக் கண்ணும் போயிருக்கும்."

நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.