பின்வாசல் அடைத்த வீடு

சப் ஜெயிலில் மோர் நன்றாக இருக்கிறது மாஜிஸ்திரேட் ஐயா. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். நேற்று நீங்கள் போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, யோசித்துக்கொள் என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷம் செஞ்சி ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவன் நான். என் எதிரில் வந்து உட்காருகிறவர்கள் அழுவார்கள், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். அழுகையைக் கழித்துவிட்டு மிச்சத்தை நான்கு எல்லையோடு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். இதையும் அப்படியே சொல்கிறேன். உங்கள் குமாஸ்தா நிதானமாக எழுதட்டும்.

பெயர் கோதண்டராமன். வயது ஐம்பத்து நான்கு. செஞ்சி பஞ்சாயத்து போர்டில் மூன்றாம் வார்டு மெம்பர். குடியிருப்பது மேட்டுத் தெரு ஆறாம் நம்பர். எனக்குக் கிழக்கே ஏழாம் நம்பர், பத்மினியம்மாள் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இப்போது அந்த வீட்டில் அந்தச் சுவர் மட்டும்தான் நிற்கிறது.

அவள் புருஷன் சம்பவநாத நயினார் நெல் வியாபாரி. நல்ல மனுஷர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் மாரடைப்பில் போனார். பிள்ளை குட்டி இல்லை. மூன்று மாதம் போனதும் அந்த அம்மாள் முன்கட்டில் இரண்டு அறைகளை ஒழித்து, வந்து தங்குகிறவர்களுக்கு விட ஆரம்பித்தாள். ஹைஸ்கூலுக்கு மாற்றலாகி வந்த வாத்தியார், வேர்க்கடலை வாங்க வரும் திண்டிவனத்து வியாபாரி, ரோடு ஓவர்சியர் வீராசாமி, கோட்டை பார்க்க வந்து கடைசி பஸ்ஸை விட்டவர்கள். பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் நயினார் வீட்டம்மாவிடம் போங்கள், படுக்கையும் கிடைக்கும் சாப்பாடும் கிடைக்கும் என்று என் தெருவுக்குக் கை காட்டினார்கள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கே இலை போட்டுவிடுவாள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வெயில் இன்னும் ராஜகிரிக் கோட்டை மலை உச்சியில் நிற்கும்போதே அந்த வீட்டில் ராச் சாப்பாடு முடிந்துவிடும். சாப்பிடும்போது சிரிப்பார்கள். ஓவர்சியர் ஏதாவது சொல்வான், வாத்தியார் பதில் சொல்வார், அந்த அம்மாள் கூடச் சிரிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். என் மனைவி மீனம்பாள் பன்னிரண்டு வருஷமாகத் தளவானூரில் தாய் வீட்டில் இருக்கிறாள். அவள் கை முறிந்தது கிணற்றடியில் வழுக்கியதால்தான். டாக்டரிடம் அவளே அப்படித்தான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை ஐயா. வேறு காரணம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

ஆனால் சிரிக்கிறார்கள் என்று மனு எழுத முடியாது. மனு என்றால் பலமாக இருக்க வேண்டும். அதனால் ஏழாம் நம்பர் வீட்டில் தினமும் நடுநிசி வரை அடுப்பு எரிகிறது, ராச் சமையல் புகையால் அக்கம்பக்கத்தார் கண் திறக்க முடியவில்லை, சாராய வாடை வருகிறது, குடும்பப் பெண்கள் நடமாட முடியவில்லை என்று எழுதினேன். மேட்டுத் தெருவைக் குடியிருப்புத் தெரு என்று போர்டு அறிவிக்க வேண்டும், தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டேன். கோரிக்கை நியாயமானது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

போர்டுத் தலைவர் ரங்கநாதன் நேரில் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினார். போனது ஐந்தரை மணிக்கு. திரும்பி வரும்போது ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் வீட்டில் ஆள் தங்க வைக்கிறவர்களுக்கு லைசென்ஸ் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். நான்கு பேருக்கு மேல் கூடாது, பெயர் ஊர் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஆட்சேபித்தேன். ரங்கநாதன் எல்லார் எதிரிலும் கேட்டார்.

"கோட்ட பாக்க வர்றவன் எங்கய்யா படுப்பான்? உன் ஊட்லயா? உன் ஊட்ல பொண்டாட்டியே படுக்கல."

பன்னிரண்டு மெம்பர்களும் சிரித்தார்கள். லைசென்ஸ் நம்பர் ஒன்று பத்மினியம்மாளுக்குப் போயிற்று. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கட்டில் மாட்டினாள்.

நான் பொறுமைசாலி. முதலில் கல் போட்டுப் பார்த்தேன். பத்து நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், என் கொல்லையிலிருந்து அவள் வீட்டு ஓட்டின் மேல். ஓடு உடைந்தது. ஒரு கல் வாத்தியார் நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. கற்களை எல்லாம் பொறுக்கிப் பின்வாசல் சேற்றில் வரிசையாகப் பதித்துக் கால் வைத்து நடக்க வழி செய்துகொண்டாள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஓவர்சியர் விஷயம். வீராசாமிக்கு இருபத்தெட்டு வயது, ஆற்காட்டுப் பக்கம். வேலை முடிந்து பின்சந்து வழியாகத்தான் வருவான். ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்த பிறகு வந்தான். நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு நின்றேன். முதல் அடி வலது முழங்காலுக்குக் கீழே. எலும்பு முறிகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. ஈரத் துணியைக் கல்லில் போட்டது மாதிரிதான் இருந்தது. கீழே விழுந்து தவழ்ந்தான். இரண்டாவது அடி அதே இடத்தில். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் என் வேட்டியைப் பிடித்துவிட்டான். அதனால் அந்தக் கையிலும் ஒன்று போட வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் போய்க் கடப்பாரையைக் கழுவினேன், வேட்டி மாற்றினேன். அலறல் கேட்டு எல்லாரும் ஓடியபோது நானும் லாந்தரோடு ஓடினேன். அவனைக் கட்டிலில் தூக்கியவர்களில் தலைப்பக்கம் பிடித்தது நான்தான்.

இரண்டாவது மனு அதைப் பற்றியது. விடுதி இருப்பதால் கண்டவன் பின்சந்தில் புகுந்து ஆளை அடிக்கிறான், லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதினேன். போர்டு ரத்து செய்யவில்லை. ஒண்டிப் பொம்பளை, அவள் பிழைப்பில் மண் போடுவதா என்றார்கள். நான் எழுந்து, குறைந்தபட்சம் அந்த வீட்டின் பின்வாசலையாவது செங்கல் வைத்து அடைக்க வேண்டும், லைசென்ஸுக்கு அதை நிபந்தனையாக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தேன். பாதுகாப்புக்காகத்தான். ஏகமனதாக நிறைவேறியது. நான் கொண்டுவந்து ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

கொத்தனார் வந்து ஒரே நாளில் அடைத்துவிட்டார். அன்று சாயங்காலம் பத்மினியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்து, எங்கள் பாதுகாப்பை நினைத்து நீங்களாவது பேசினீர்களே என்று நன்றி சொன்னாள். கையில் ஒரு தூக்கில் பாயசம். அதை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஓவர்சியர் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இடுப்பு வரை மாவுக்கட்டோடு ஊருக்குப் போகாமல் ஏழாம் நம்பருக்கே திரும்பி வந்தான். ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். அந்த அம்மாள் முன்கட்டு அறையில் கட்டில் போட்டு, வேளைக்கு வேளை சோறு போட்டாள். ஒரு வாரம் அமைதியாக இருந்தது. பிறகு மறுபடியும் ஐந்தரை மணிக்குச் சிரிப்பு. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவன்தான். கால் போனவன் சிரிக்கிறான் ஐயா. நான் என்ன செய்ய?

லைசென்ஸ் மார்ச் மாதத்தோடு முடிகிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி தானாகப் புதுப்பித்துவிடுவார்கள். வீடு இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. எளிமையான கணக்கு. இந்த வருஷம் மார்ச் இருபத்தேழு, சனிக்கிழமை, டூரிங் டாக்கீஸில் புதுப் படம். தெருவே காலியாகப் போயிற்று. வாத்தியாரும் வியாபாரியும் போனதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏழரை மணிக்குப் பின்சந்துக்குப் போனேன். சமையலறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கம்பி ஜன்னல். அதற்குக் கீழே உள்ளே விறகு அடுக்கியிருக்கும், அடுப்புக்குப் பக்கத்திலேயே. நான்கு பாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, எரிகிற துணியைப் போட்டேன். காய்ந்த விறகு, மேலே ஓட்டைத் தாங்குகிற பனங்கை. சட்டென்று பிடித்துக்கொண்டது.

மறுநாள் பிரேத விசாரணை. இரண்டு பேர். அந்த அம்மாளும் ஓவர்சியரும். வெளியூர் தீயணைப்பு வண்டி வந்தபோது கூரை முழுக்க உள்ளே விழுந்துவிட்டது. முன்கதவுக்கு இரண்டடி உள்ளே ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அவள் அவனை முன்கட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், மாவுக்கட்டின் கனத்தோடு. இன்ஸ்பெக்டர் பஞ்சாயத்தார் ஐந்து பேரை உட்கார வைத்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். ராச் சமையல் நடந்துகொண்டிருந்தபோது அடுப்பிலிருந்து விறகில் தீப் பரவியதால் நேர்ந்த மரணம் என்று எழுதினேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ரங்கநாதனும் போட்டார். அந்த வீட்டில் ஐந்தரை மணிக்கு இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷர், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது அவள் தம்பி புஷ்பதந்தன். மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்தான். விவசாயி, அதிகம் பேசாதவன். அறிக்கையை நின்றபடியே இரண்டு தடவை படித்தான். யார் மேலும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, தப்பைத் திருத்துகிறவன் மாதிரிதான் சொன்னான்.

"பொழுது சாஞ்சா எங்க ஊட்ல அடுப்பு எரியாதுங்க. தண்ணிகூடக் காய வெக்க மாட்டோம். வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி நெருப்புல உழுந்து செத்துடும்னு. அக்கா ஆறு மணிக்கே அடுப்ப அணைச்சிடும்."

இன்ஸ்பெக்டர் சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பின் வாயில் ஈரச் சாம்பல் கட்டியாக இறுகியிருந்தது. அதன் மேல் ஒரு சட்டி கவிழ்த்திருந்தது. வந்து என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருக்கிறீர்களே, இது தெரியாதா என்று கேட்டார்.

தெரியும் ஐயா. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நயினார் காலத்திலிருந்து பார்க்கிறேன், விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் புகை வந்ததே இல்லை. ஆனால் நான் மனுவில் எழுதிவிட்டேன். மூன்று வருஷம் அந்த மனுவை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் வாதாடினேன். வாதாடி வாதாடி எனக்கு அது நிஜமாகவே ஆகிவிட்டது. சில ராத்திரி அந்தப் புகையில் என் கண்ணே எரிந்திருக்கிறது. தீ எங்கிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று யோசித்தபோது வேறு இடமே எனக்குத் தோன்றவில்லை. அதனால் இன்ஸ்பெக்டரிடம் கோபமாகவே சொன்னேன், அங்கே தினமும் நடுநிசி வரை அடுப்பு எரியும், சந்தேகமிருந்தால் போர்டில் என் மனு இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று. எடுத்துப் பார்த்தார். அறிக்கையில் இருந்த ராச் சமையல், அடுப்பு, புகை எல்லாம் அதே வார்த்தையில் மனுவிலும் இருந்தது. அதற்குப் பிறகு என் வீட்டுக் கொல்லையில் நான்கு காலி பாட்டிலை எடுக்க அவருக்கு அரை மணி ஆகவில்லை.

போலீஸில் இவ்வளவுதான் சொன்னேன். கோபத்தில் கொளுத்தினேன், உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்றும் சொன்னேன். வக்கீல் அப்படிச் சொன்னால் போதும் என்றார். ஆனால் அரைகுறை வாக்குமூலம் என் தொழிலுக்கு அழகில்லை. மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சந்துக்குப் போவதற்கு முன்பே முன்கதவின் வெளிச் சங்கிலியைக் கொண்டியில் மாட்டிவிட்டேன். ஓவர்சியர் உள்ளே கட்டிலில் இருப்பது தெரியும். அவனை விட்டுவிட்டு அவள் படம் பார்க்கப் போக மாட்டாள் என்பதும் தெரியும். கொளுத்திவிட்டு ஆறாம் நம்பர் வழியாக வந்து அந்தக் கதவின் முன்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டினாள். கதவிடுக்கில் என் வேட்டி தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணா, கதவு தெறக்க வரல. வெளியில சங்கிலி மாட்டிக்கினு இருக்குது போல. எடுத்து வுடுங்க. கால் முடியாதவரு இருக்கறாரு."

"இரும்மா, எடுக்கறேன்" என்று சொன்னேன்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளேயிருந்து கதவை ஆட்டியபோது கொண்டி கொஞ்சம் எழும்பியது, அதனால் இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்தேன். எடுக்கறேம்மா, எடுக்கறேம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரும்பு சுட ஆரம்பித்தது. ஓவர்சியர் ஒரு தடவை கத்தினான், அப்புறம் இருமினான், அப்புறம் இல்லை. அவள் கதவை நகத்தால் பிராண்டினாள். எதிர்வீட்டு நாகம்மாள் ஓடி வந்தபோது நான் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் இழுக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே சத்தம் நின்ற பிறகுதான் எடுத்தேன். என் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மருந்து போட்ட டாக்டர், உயிரைக் கொடுத்துப் போராடியிருக்கிறீர்கள் என்றார்.

அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா, இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவ்வளவு நெருப்பிலும் கடைசி வரை அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். என் மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை என்று எழுதுங்கள்.