பக்கத்துப் பல்

நீங்கள் பிஸ்கட்டை இடது பக்கமாகவே மெல்லுகிறீர்கள். டீ வந்ததிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன். வலப்பக்கம் ஏதோ ஒரு பல் கூசுகிறது, இல்லையா? தள்ளிப்போடாதீர்கள். பல்வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைப்பவர்களால்தான் எங்கள் தொழிலே ஓடுகிறது.

என் அக்கா புருஷனும் அப்படித்தான். பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் கிண்டல். ஊரில் பல் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்தவன் நான். ஆனால் இந்த நாட்டில் உரிமத் தேர்வில் தேறினால்தான் அடுத்தவர் வாயில் கை வைக்கலாம். இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதுவரைக்கும் ஒரு கிளினிக்கில் கருவி கழுவிக் கொடுக்கிற வேலை. சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். இங்கே என்னை ‘டாக்டரே’ என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். பாதி கிண்டல், பாதி நிஜம். அந்த நிஜப் பாதிக்காக அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்வு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“வீட்லயே டாக்டர வச்சிக்கிட்டு வெளியில போயி நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? புடுங்கிப் போடு மாப்ள.”

“உரிமம் இல்லாம கை வச்சேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் பரீட்சை எழுத விடமாட்டாங்க மாமா.”

“யாருக்குத் தெரியப் போகுது? என் வாய்க்குள்ளதானே நடக்குது.”

கிளினிக் சாவி என்னிடம் இருந்தது. மதியம் போனோம். கீழ்வாயில், எப்போதோ அடைத்து வைத்திருந்த ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டு இதுதான் என்றார். கீழ்ப்பல் வலியில் நோயாளியின் விரலை நம்பக் கூடாது. வலி ஓரிடம், விரல் காட்டுவது ஓரிடமாக இருக்கும். அதனால் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கம்பின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் நான் தட்டவில்லை. ஊசி போட்டேன், பிடுங்கினேன்.

வேர் வெள்ளை வெளேரென்று வந்தது. கெட்டுப்போன பல்லின் வேர் அப்படி இருக்காது. அப்புறம்தான் தட்டினேன். அதற்குப் பின்னால் இருந்த கடைசிப் பல்லில் பிடி பட்டதும், மரத்துப்போன வாயோடு அவர் நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டார். சீழ் வைத்த பல் மரப்பு ஊசிக்கு அவ்வளவு லேசில் அடங்காது.

அதையும் பிடுங்கினால் முதலில் பிடுங்கியது தப்பு என்று தெரிந்துவிடும். “முடிஞ்சுது மாமா, இனிமே புண்ணு வலிதான்” என்றேன். நல்ல பல்லைப் பஞ்சில் சுற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் தாடைக்குக் கீழே வீங்கியது. பிடுங்கினால் வீங்கும் என்று அக்காவிடம் சொன்னேன், அது பொய்யில்லை. கடைசிப் பல்லின் வேர் நுனி, நாக்குக்கு அடியில் தரை போல விரிந்திருக்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே உடைகிற சீழ் வாய்க்குள் வராது, கழுத்துக்குள் இறங்கும். செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கமும் வீக்கம். அழுத்தினால் குழி விழவில்லை, பலகையாக இருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் இதற்கு லுட்விக் என்பவரின் பெயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: முதலில் மூச்சுப் பாதையைக் காப்பாற்று, மற்றதெல்லாம் அப்புறம்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்டா தம்பி. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“யாரு புடுங்குனதுன்னுதான் அங்க முதல்ல கேப்பாங்க. மாத்திரை குடுத்திருக்கேன்ல? ஒரே ஒரு நாள் பொறுக்கா.”

கொடுத்தது வெறும் வலி மாத்திரை. கிருமிக்கு மருந்து வாங்கச் சீட்டு வேண்டும், சீட்டில் டாக்டர் கையெழுத்து வேண்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். அந்த வீட்டில் அந்த இரண்டு நாளும் என்னைப்போல யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை காலை, மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். உடம்புக்கு அது தானாகத் தெரியும். பேச்சு போய்விட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து, கழுத்தைக் காட்டி, வாசலைக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார்.

“நீ பரீட்சைக்குக் கிளம்பு. அவர நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனாள்.

யோசித்துப் பாருங்கள். நான் கிளம்பியதும் அவர் எப்படியாவது தெருவுக்குப் போயிருப்பார். யாராவது வண்டியில் ஏற்றியிருப்பார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினேன். தோள் இரண்டையும் பிடித்துப் படுக்க வைத்தேன். திமிறினார், ஆனால் தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்பு. அதிக நேரம் ஆகவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பிறகு தலையணைகளைப் பழையபடி வைத்துச் சாய்த்து, போர்வையை இழுத்துவிட்டேன்.

“இப்பத்தான் கண்ணசந்தாருக்கா. எழுப்பாத” என்று குளியலறைக் கதவருகே சொல்லிவிட்டுப் போனேன். தேர்வை நன்றாகவே எழுதினேன்.

திரும்பி வந்தபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் வீட்ல இருந்திருந்தா காப்பாத்தியிருப்படா. பாவி நான்தானே உன்னப் போகச் சொன்னேன்.” நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

ஆமாம், கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அக்காவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். தலையணை, தோள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். நான் பிடுங்கியது தப்பான பல் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். என் கைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.