பலவேசம் பிரிச்ச கூரை

ரோடு வாரதுக்கு முந்தி, ரோடு போட்டவனோட பூட்டன் பொறக்கதுக்கும் முந்தி, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துல ஒத்தைக்கிணத்துவிளைன்னு ஒரு ஊராம். அந்த ஊருல பலவேசம்னு ஒரு பனையேறி. காலையில நாப்பது பனை, சாயந்தரம் அதே நாப்பது பனை. ஏறுவானாம், எறங்குவானாம், ஏறுவானாம், எறங்குவானாம்.

அவனுக்கு வர்ற வைகாசியில கல்யாணம்னு பேசி முடிச்சாங்க. பொண்ணு பேராச்சி, பக்கத்து ஊரு. பதனி காய்ச்சி கருப்பட்டி ஊத்துறதுல அவள அடிச்சிக்க ஆளு இல்லயாம்.

பலவேசத்துக்கு ஒரே குஷி. என்ன செஞ்சான்? யாரையும் கேக்கல, யாரையும் கூப்பிடல. ஆறு மாசம் ஒத்த ஆளா மண்ணு கொழச்சி, சொவரு வச்சி, பனங்கையில சட்டம் போட்டு, ஓலை மேஞ்சி, வீட்ட முழுசா முடிச்சிட்டான். ஊரு வாயப் பொளக்கணும்னு வாசலையும் அடுப்படியையும் தெருவப் பாக்க, மேக்குப் பக்கமா வச்சான்.

பேராச்சி வந்தா. கல்யாணமாகி வந்த அன்னைக்கே அடுப்புக்கு முன்னால நின்னு பாத்தா.

"இந்தாரும், ஆடியில மேக்க இருந்து காத்து அடிச்சா தேரி மணலு பூரா நான் பதனி காய்ச்சுற தாச்சிக்குள்ளதான் வந்து விழும். இந்தப் பக்கத்த அடைச்சிட்டு கெழக்க தெறந்து விடுவோமா?"

"ஆறு மாசம் கட்டுனவன் நானு. ஆறு நிமிசம் பாத்தவ நீயி."

அவ்வளவுதான். அவ அடுப்பப் பத்த வக்கப் போயிட்டா.

ஆடி வந்துச்சி. காத்து வந்துச்சி. மணலு வந்துச்சி. கொதிக்கிற பதனியில செக்கச்செவேல்னு மணலு விழுந்து, ஒரு நாள் கருப்பட்டி பூரா நறநறன்னு ஆயிப்போச்சாம். கடிச்சிப் பாத்த பலவேசம், "ஒனக்குக் காய்ச்சவே தெரியாதா"ன்னு தெருவுக்கே கேக்க கத்திட்டான். அவ பதனி கிண்டுற துடுப்பக் கீழ வச்சா.

"இது உம்ம வீடு. இதுல நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."

சொல்லிட்டு அப்பன் வீட்டுக்கு நடந்துட்டா.

மூணாம் நாள் மாமனாரு ஆளு விட்டாராம். "அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மாசம் கெடக்கு. அதுக்குள்ள எம்மக தானா கெளம்பி வந்தா சரி. இல்லன்னா இந்தக் கல்யாணத்தத் தீத்துவிட்டு வேற எடத்துல கட்டிக் குடுத்துருவேன்."

பலவேசத்துக்குச் சோறு எறங்கல. பனை உச்சியில ஒக்காந்திருக்கான், பாளை சீவுற அருவா கையில சும்மா நிக்கி. அப்பதான் பாத்தானாம். கெணத்து மேல சாஞ்ச பனையில, ஓலை நுனியில, தூக்கணாங்குருவி. பொறந்ததுல இருந்து கண்ணுல படுற குருவிதான். அன்னைக்குத்தான் பாத்தான்.

மஞ்சத் தலை ஆண் குருவி, அந்தச் சேவலு, பாதிக் கூடுதான் கட்டியிருக்கு, கவுத்துன கூடை கணக்கா. பாதியில நிறுத்திட்டு, அதுல தொங்கிக்கிட்டு றெக்கைய அடிச்சி அடிச்சிக் கூப்பிடுது. வா, வந்து பாரு. வா, வந்து பாரு. ஒரு பொட்டக் குருவி வந்துச்சி. உள்ள ஒக்காந்துச்சி. அலகால நாரப் புடிச்சி இந்தப் பக்கம் இழுத்துச்சி, அந்தப் பக்கம் இழுத்துச்சி. பறந்து போயிருச்சி.

சேவலு கத்துச்சா? வெரட்டிக் கொத்துச்சா? ஒண்ணும் இல்ல. பக்கத்து ஓலையில புதுசா மொத நாரக் கட்ட ஆரம்பிச்சிட்டு.

நாலு நாள் பாத்தான். அஞ்சாம் நாள் ரெண்டாவது கூட்டுக்கு ஒரு பொட்டை வந்துச்சி, இழுத்துச்சி, ஒக்காந்துச்சி. போகல. அதுக்கப்புறந்தான் அந்தச் சேவலு மிச்சக் கூட்டப் பின்னி, வாசலுக்கு நீளமா கொழாய் எறக்குச்சாம்.

பக்கத்துப் பனையில நின்ன லிங்கதொரை கூப்பிட்டான். "ஏல பலவேசம், மரத்துலயே குடித்தனம் வச்சிட்டியா? கலயம் நெறஞ்சி வழியுது."

"நான் முழுசாக் கட்டிட்டேன்ல லிங்கம். அதான் தப்பு. கேக்காம முழுசாக் கட்டிட்டேன்."

"வெயிலு மண்டைக்கு ஏறிட்டு ஒனக்கு. எறங்கு மொதல்ல."

எறங்குனான் பாருங்க, நெஞ்சுத் தோலு பூரா செராச்சிருச்சாம். ஓடுனான் வீட்டுக்கு. கூரைய மொத்தமாப் பிரிச்சான். மேக்குச் சொவர இடிச்சான். ஊரே கூடி நிக்கி. "பொண்டாட்டி போகும்போது இவன் புத்தியையும் மூட்டையில கட்டிட்டுப் போயிட்டா"ங்காங்க. அவன் காதுலயே வாங்கல. மேக்க அடைச்சி, கெழக்க வாசல் விட்டு, சொவர பாதியில நிறுத்திட்டு, மாமனாரு வீட்டுத் தெருவுல போயி நின்னான்.

"பேராச்சி, வீடு பாதி கட்டியிருக்கேன். வந்து பாரு. புடிக்கலன்னா திரும்பிரு. நான் ஒரு சொல்லு சொல்லமாட்டேன்."

மாமனாரு எட்டிப் பாத்தாரு. "முழு வீடுல்ல வச்சிருந்தீரு மாப்ள?"

"பிரிச்சிட்டேன் மாமா."

பேராச்சி வந்தா. கூரையத் தாங்க நட்டு வச்ச மரக்காலை ஒண்ணொண்ணாப் புடிச்சி ஆட்டுனா. ஒண்ணு கையோட வந்துருச்சி. அடுப்படியில நின்னு கைய நீட்டிச் சுத்துனா. முட்டிக்கை சொவத்துல இடிச்சிது.

"துடுப்புப் போட எடமில்ல." திரும்பி நடந்துட்டா.

கூட்டம் சிரிக்கி. பலவேசத்துக்கு கழுத்து நரம்பு பொடைக்கி. வாய் வரைக்கும் வந்துட்டாம் வார்த்தை. முழுங்குனான். அந்தச் சொவரையும் தள்ளிட்டு, ரெண்டு மொழம் தள்ளி மறுபடியும் நூலு புடிச்சான்.

கொடைக்கு முந்துன நாளு. மேளக்காரங்க ஊருக்குள்ள வந்தாச்சி. பலவேசம் முட்டளவு சகதியில நின்னு மண்ணு மிதிக்கான். இந்தத் தடவ அவன் கூப்பிடப் போகல. தானா வரணும்னுதான மாமனாரு சொன்னாரு.

நிமிந்து பாக்கான், பேராச்சி தனியா நிக்கா.

மரக்காலை ஆட்டுனா. ஒண்ணும் அசையல. அடுப்படியில கைய நீட்டி முழுச் சுத்து சுத்துனா. எங்கயும் இடிக்கல. நேரா அவன்கிட்ட வந்தா.

"தள்ளும்."

"எங்க தள்ளணும்?"

"சகதிய விட்டுத் தள்ளும். நீரு மிதிக்கிற மண்ணுல வைக்கோலு பத்தல."

சேலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு உள்ள எறங்கிட்டா. ரெண்டு பேருமா மிதிச்சி, ரெண்டு பேருமா அப்பி, பொழுது சாயுறதுக்குள்ள சொவரு எந்திரிச்சிருச்சாம். அடுப்புக்கு மேல ஈரச் சொவத்துல தன் கைய வச்சி ஒரு அழுத்து அழுத்துனா, அஞ்சு வெரலும் பதிஞ்சிச்சி.

"இப்ப மேயும் கூரைய."

அன்னையில இருந்து ஒத்தைக்கிணத்துவிளையில எவன் வீடு கட்டுனாலும் பாதியில நிறுத்திரணும். வீட்டுக்காரி வந்து மரக்காலை ஆட்டிப் பாத்து, அடுப்படிச் சொவத்துல கையப் பதிச்சாத்தான் கூரை. இப்ப செங்கலும் கம்பியும் வந்தாச்சி, ஆனாலும் கை பதியாம மேஸ்திரி தளத்துக்குச் சாரம் கட்டமாட்டாரு. கூரையில்லாம நிக்கிற வீட்டப் பாத்து அந்த ஊருல ஒருத்தரும் கேலி பேசமாட்டாங்களாம். "கேட்டுக்கிட்டு இருக்கான் போல"ன்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போயிருவாங்களாம்.