அறிக்கையில் தவறான பெயர்

எனக்கு என் வேலை ரொம்பப் பிடிக்கும், அகிலா மேடம். வருஷாவருஷம் ஆபீசில் நீங்கள் கொடுக்கிற படிவத்தில், வேலையில் திருப்தியா என்ற கேள்விக்கு முவைலா லேபர் கேம்பில் பத்துக்குப் பத்து போடுகிற ஆள் நான் ஒருவன்தான். நானூறு பேர் குளிப்பதும் சமைப்பதும் நான் ஏற்றிவிடுகிற தண்ணீரில். பதினாறு வருஷமாக அந்த மோட்டாருக்கு நான் இல்லாமல் ஓடத் தெரியாது.

அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று வருஷம் முன்பு லீவில் ஊருக்குப் போய், மாதம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கேம்பிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. "ஒருத்தரும் உங்களைத் தேடல்லியே" என்றாள் என் மனைவி புஷ்பமேரி, மீன் கழுவிக்கொண்டே. வலித்தது.

அடுத்த லீவில், ஏர்போர்ட் வண்டி ஏறும் முன் டேங்குக்குப் பின்னால் இருக்கும் வால்வை மூடிவிட்டுப் போனேன். பலகைக்கு அடியில் இருப்பது. எனக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் இருபத்திரண்டு அழைப்புகள். இருபத்து மூன்றாவதை எடுத்தேன். ஆகஸ்ட் மாதப் பாலைவன வெயிலில், பாவம், தவித்துப் போயிருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

போன வருஷ லீவுக்கு என் இடத்தில் மணிமாறனைப் போட்டார்கள். மறுபடி மூடிவிட்டுப் போனேன். அழைப்பே வரவில்லை. திரும்பி வந்து அவனிடமே விசாரித்தேன்.

"வால்வு மூடிக் கெடந்துச்சு தேவசுந்தரண்ணே. தொறந்து விட்டேன், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்.

மணிமாறன் நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வந்த பிறகும் அவனை மோட்டாரில் இரவு ஷிப்டுக்கு வைத்துக்கொண்டார்கள்; அவன் டூட்டியில் இருக்கும்போது நான்கு தடவை மூடினேன். ஐந்தாவது தடவை, அவன்தான் மூடுகிறான், கண்ணால் பார்த்தேன் என்று கேம்ப் பாஸிடம் சொன்னேன். போன வாரம் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். அவன் பெட்டிக்குக் கயிறு கட்டியது நான்தான். என் தோளில் சாய்ந்துதான் அழுதான்.

நான் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று நோட்டீஸ் போர்டில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். "மோட்டாரின் நுணுக்கம் முழுவதும் அறிந்த ஒருவரால், எவரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்யப்பட்டது" என்று எழுதி, கீழே மணிமாறன் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான்.

அவனைத் திரும்பக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் பாடு. அந்த வரி அப்படியே இருக்கட்டும். பெயரை மட்டும் தேவசுந்தரம் என்று மாற்றிவிடுங்கள், மேடம், கொஞ்சம் பெரிய எழுத்தில்.